மூன்று முடிப்புகள்: இணையவழிப் படைப்பாளரின் வரவு செலவு பற்றிய சில குறிப்புகள்

எழுத்தாளன் எதனால் வாழ்கிறான் என்ற வினா நமது இலக்கிய ஆய்வுகளில் அபூர்வமாகவே எழுப்பப்படுகின்றது. அவனுடைய உலகநோக்கு, வர்க்க நிலை, அழகியற் கோட்பாடு என்பன பற்றிப் பலவாறாக எழுதியுள்ளோம். ஆனால் மாத முடிவில் கடைக்காரனுக்கு அவன் எவ்வாறு கணக்குத் தீர்த்தான் என்பதை ஆராய்வது ஏதோ தாழ்ந்த காரியம் போல ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. பொருளியல் அடித்தளம் பற்றி ஓயாது பேசும் முற்போக்கு விமரிசகர்களாகிய நாமும் இதற்கு விதிவிலக்கல்லர் என்பது சற்று நகைப்புக்குரியதே. டொமினிக் ஜீவா 1966 இல் ஆரம்பித்த 'மல்லிகை'யைத் தாமே சுமந்து தெருத்தெருவாக விற்றமையை வியந்து போற்றுகிறோம். அவ்விதழ் ஒன்றின் அச்சுக்கூலி எவ்வளவு, கடதாசிக் கடன் எவ்வாறு தீர்க்கப்பட்டது, வீட்டுச் செலவுக்கும் இதழ்ச் செலவுக்கும் இடையே கோடு எங்கே விழுந்தது என்பவற்றை நாம் கேட்டதில்லை.

இவ்வினா இன்று வேறொரு கோலத்தில் நம்முன் வந்து நிற்கின்றது. காணொளிகளையும் படங்களையும் எழுத்தையும் இணையத்தில் தொடர்ச்சியாக வெளியிட்டு, அதனால் வரும் வருவாயை முழுமையாகவோ பகுதியாகவோ நம்பி வாழும் ஓர் இளைஞர் கூட்டம் நமது மாவட்டங்கள் தோறும் தோன்றியுள்ளது. இவர்களை 'இணையவழிப் படைப்பாளர்' என இக்கட்டுரையிற் குறிப்பிடுவோம். இவர்களைப் பற்றி இரு வகையான பேச்சுக்கள் நிலவுகின்றன. ஒன்று, நீயே உனக்கு முதலாளி, உன் கையிலே கமரா இருக்கிறது, உலகம் உன் சந்தை என்னும் ஊக்குவிப்புப் பேச்சு. மற்றையது, நம் போன்றோர் பல்கலைக்கழக ஓய்வறைகளிலிருந்து விடுக்கும் ஏளனம். முதலாவது அவர்களை ஏமாற்றுகிறது. இரண்டாவது அவர்களைக் கைவிடுகிறது. இவ்விரண்டையும் விலக்கி, அவர்களிடம் பணம் எவ்வாறு வருகிறது, எவ்வாறு கலக்கிறது, அதனை எவ்வாறு பிரித்து எழுதலாம் என்பவற்றை நோக்குவதே நமது எண்ணம்.

இதற்கு உடனடிக் காரணமாக அமைந்தது ஒரு வங்கிப் புத்தகம். எமது முன்னாள் மாணவர் ஒருவர், வலிகாமப் பகுதியைச் சேர்ந்தவர், கோயிற் திருவிழாக்கள், தோட்டச் செய்கை, கிராமத்துச் சமையல் என்பவற்றை யூரியூப் தளத்தில் காணொளிகளாக வெளியிட்டு வருபவர், 2025 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அப்புத்தகத்துடன் எம்மிடம் வந்தார். "சேர், காசு வருகுது. ஆனா மிஞ்சுதில்லை. எங்க போகுதெண்டு தெரியேல்லை" என்பதே அவரது முறைப்பாடு. புத்தகத்தைப் புரட்டினோம். வெளிநாட்டிலிருந்து வந்த விளம்பர வருவாய், உள்ளூர்ப் புடைவைக் கடையொன்று கொடுத்த விளம்பரக் காசு, தமக்கையின் நகையை அடகு வைத்துப் பெற்ற தொகை, தாயாரின் மருந்துச் செலவு, மோட்டார் சைக்கிளின் எரிபொருள் யாவும் ஒரே கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியும் இறங்கியும் கிடந்தன. அவற்றிடையே இன்னொரு வகைப் பணமும் இருந்தது. அதுபற்றிப் பின்னர் கூறுவோம்.

முதலில் வருவாயின் இயக்கத்தை விளங்கிக்கொள்ளல் அவசியம். 2005 இல் தொடங்கப்பட்ட யூரியூப்பினைக் கூகிள் கம்பனி 2006 இல் 165 கோடி டொலருக்கு வாங்கியது. 2007 முதல் படைப்பாளருக்கு விளம்பர வருவாயிற் பங்கு வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆரம்பத்திற் பரந்திருந்த வாயில் 2018 இல் ஒடுக்கப்பட்டது. 1000 சந்தாதாரரும், 12 மாதங்களுள் 4000 மணிநேரப் பார்வையும், அல்லது குறுங்காணொளிகளுக்கென வகுக்கப்பட்ட வேறோர் அளவும் எட்டிய பின்னரே விளம்பரப் பங்கு கிட்டும். அதுவரை செய்யப்படும் வேலை அனைத்தும் கூலியற்ற வேலையே. எமது மாணவர் அவ்வாறு பதினான்கு மாதங்கள் உழைத்தார். வாயிலைக் கடந்த பின்னர் நீண்ட காணொளிகளின் விளம்பர வருவாயில் 55 வீதம் படைப்பாளருக்கும் 45 வீதம் கம்பனிக்கும் சேரும். குறுங்காணொளிகளில், 2023 பெப்ரவரி தொடக்கம், படைப்பாளருக்கென ஒதுக்கப்படும் தொகையில் அவர் கைக்கு வருவது 45 வீதமே. ஒரு மாதத்து வருவாய் மறுமாதத் தொடக்கத்தில் முடிவு செய்யப்பட்டு, அம்மாதம் 21 ஆம் திகதிக்குப் பின்னரே அனுப்பப்படும். அதுவும் மொத்தம் 100 டொலரைத் தொட்டிருந்தால் மட்டும். எனவே தை மாதம் முதலாம் திகதி செய்த வேலைக்கான காசு மாசி மாதக் கடைசியிலேயே வீட்டுக்கு வருகிறது. கடைக்காரன் அவ்வளவு காலம் பொறுப்பானா?

இவ்விடத்திலே நமது சுருட்டுக் கொட்டில்களை நினைவுகூர்தல் தகும். யாழ்ப்பாணத்துச் சுருட்டுத் தொழிலாளி சுற்றிய சுருட்டின் எண்ணிக்கைக்கே கூலி பெற்றான். (ஒருவர் பத்திரிகை வாசிக்க ஏனையோர் கேட்டுக்கொண்டே சுற்றிய அக்கொட்டில்கள் நமது அரசியல் விழிப்பின் பாடசாலைகளாகவும் இருந்தன என்பது வேறு கதை.) எண்ணிக்கைக் கூலி பற்றி மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் பாகத்தில் ஒரு தனி அத்தியாயமே எழுதியுள்ளார். வேலையின் தரத்தையும் வேகத்தையும் கூலியின் வடிவமே கட்டுப்படுத்திவிடுவதால் மேற்பார்வையாளன் பெருமளவு தேவையற்றவனாகிறான். வேலை நேரத்தை நீட்டிப்பது தொழிலாளியின் சொந்த நலன் போலத் தோற்றமளிக்கிறது. வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கு இதுவே அடிப்படையாகிறது என்பன அங்கு அவர் எடுத்துக்காட்டும் விடயங்கள். இம்மூன்றும் நள்ளிரவில் மின்விசிறியின் கீழிருந்து படம் தொகுக்கும் எமது மாணவரின் தமக்கைக்கு அப்படியே பொருந்துகின்றன. ஆயினும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. சுருட்டுத் தொழிலாளி இன்ன எண்ணிக்கைக்கு இன்ன கூலி என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தான். இணையவழிப் படைப்பாளருக்குக் கூலி வீதமே தெரியாது. அது விளம்பரதாரரிடையே நடைபெறும் ஏலத்தினால் கணந்தோறும் நிர்ணயிக்கப்படுகின்றது. பார்ப்பவர் ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ இருந்தால் ஒரு வீதம். பருத்தித்துறையில் இருந்தால் அதனினும் மிகத் தாழ்ந்த வேறொரு வீதம். ஒரே உழைப்பு, ஒரே காணொளி. பார்ப்பவரின் வாங்கும் சக்தி அதன் விலையை மாற்றிவிடுகிறது. நமது படைப்பாளர் பலர் ஊரைப் படம்பிடித்தவாறே ஊரை விட்டுச் சென்றோரை நோக்கிப் பேசுவதன் பொருளியற் காரணம் இதுவே. ஊர்நினைவு விலைப்படும் இடம் ஊரன்று.

அவ்வாறாயின் இவர் தொழிலாளியா, முதலாளியா? கமராவும் கணினியும் இவருடையவை. ஆனால் பொருள் மக்களைச் சென்றடையும் பாதை இவருடையதன்று. அப்பாதையின் சொந்தக்காரர் எந்நேரமும் விதியை மாற்றலாம். 2017 இல் பெரும் விளம்பரதாரர் சிலர் தம் விளம்பரங்களை விலக்கிக்கொண்டபோது, எத்தவறும் செய்யாத ஆயிரக்கணக்கானோரின் வருவாய் சரிந்தது. மில்ரன் 'சுவர்க்க நீக்க'த்தை 1667 இல் ஐந்து பவுணுக்கு விற்றதை எடுத்துக்கொண்டு, அவனைப் பதிப்பாளனின் கட்டளைக்கு நூல் செய்யும் எழுத்துத் தொழிலாளியிடமிருந்து மார்க்ஸ் வேறுபடுத்துவார். நமது படைப்பாளரோ காலையில் மில்ரன், மாலையில் அத்தொழிலாளி. கருவிகளைச் சொந்தமாக வைத்திருக்கும் சிறு பண்ட உற்பத்தியாளர் என்றே இவரைக் கொள்ளலாம். ஆனால் இவரது சந்தைக்கு ஒரே ஒரு படலைதான் உண்டு. அதன் திறப்பு வேறொருவர் கையில். இத்தகையவருக்கு நட்டம் முழுவதும் சொந்தம், இலாபத்தில் மட்டும் பங்காளி உண்டு.

இந்நிலையிலேதான் கணக்கு முக்கியமாகின்றது. வீட்டையும் தொழிலையும் வெவ்வேறு கணக்குகளாகப் பிரித்தமையை நவீன முதலாளித்துவத்தின் அடையாளங்களுள் ஒன்றாக மக்ஸ் வேபர் கூறினார். இது முதலாளிகளின் அறிவுக்கூர்மையால் விளைந்த ஒன்றெனக் கொள்ளுதல் தவறு. கடனும் நீதிமன்றமும் கற்பித்த பாடம் அது. இதற்கு இலக்கிய வரலாற்றிலேயே சிறந்த சான்றுண்டு. சேர் வால்ரர் ஸ்கொட் தமது நாவல்களை அச்சிட்ட பலன்ரைன் அச்சகத்தில் இரகசியப் பங்காளியாக இருந்தார். இன்னும் எழுதாத நாவல்களுக்குக் கூட முன்கூட்டியே உண்டியல்கள் பெற்று, அந்தப் பணத்தை அபற்ஸ்ஃபோட் மாளிகையிற் செலவிட்டார். எழுத்தாளர் ஸ்கொட் எங்கே முடிகிறார், அச்சக முதலாளி ஸ்கொட் எங்கே தொடங்குகிறார், மாளிகைக் கனவான் ஸ்கொட் எங்கே நிற்கிறார் என்பது அவருக்கே தெரியாதிருந்தது. 1826 இல் லண்டன் பணச்சந்தையில் ஏற்பட்ட நெருக்கடி எடின்பரோவின் வெளியீட்டு நிலையத்தை வீழ்த்த, அதனோடு அச்சகமும் வீழ, ஒரு இலட்சத்து இருபதினாயிரம் பவுணுக்கு மேற்பட்ட கடன் அவர் தலையில் விழுந்தது. பங்காளியின் பொறுப்பை இட்ட முதலோடு மட்டுப்படுத்தும் சட்டம் பிரித்தானியாவில் 1855 இலேதான் பொதுவாக இயற்றப்பட்டது. எனவே வீடும் எதிர்கால எழுத்தும் கடனுக்கு ஈடாயின. 1832 இல் இறக்கும்வரை கடன்காரருக்காக எழுதினார். அவரது பிற்கால நாவல்களின் தளர்ச்சியை விளக்கும் விமரிசகர் முதுமையையும் நோயையும் கூறுவர். கடன் பத்திரத்தையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.

நமது படைப்பாளரும் சட்டத்தின் பார்வையில் ஸ்கொட்டின் நிலையிலேயே உள்ளார். தனியொருவர் பெயரில் நடத்தும் தொழில், பதிவு செய்யப்பட்டாலும், அவரிடமிருந்து வேறான ஆளன்று. தொழிற்கடனுக்கு அவருடைய வீடும் பொறுப்பு. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் ஒரு கம்பனி அமைத்தால் அது வேறாகும். ஆனால் அதற்குரிய செலவும் கணக்காய்வும் பெரும்பாலானோருக்குக் கட்டுப்படியாகா. ஆகவே சட்டம் பிரிக்காததைப் பேரேட்டிலாவது பிரித்துக்கொள்ளல் வேண்டும்.

செய்ய வேண்டியவை எளியவை. தொழிலுக்கென ஒரு வங்கிக் கணக்கு, வீட்டுக்கென மற்றொன்று. எத்திசையிலிருந்து வரினும் தொழில் வருவாய் அனைத்தும் முதற்கணக்கிலேயே விழவேண்டும். புடைவைக் கடைக்காரர் காசுக்குப் பதிலாகச் சேலை தந்தால் அதன் விலையையும் வரவில் எழுதுதல் வேண்டும். அங்கிருந்து மாதம் ஒருமுறை, ஒரே தொகை, வீட்டுக் கணக்குக்குச் சம்பளமாக மாற்றப்பட வேண்டும். அத்தொகையை நல்ல மாதத்தைப் பார்த்துத் தீர்மானிக்கலாகாது. சென்ற ஆண்டின் மிக மெலிந்த மாதங்களைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். விளம்பரச் செலவு ஐப்பசியிலிருந்து மார்கழி வரை, மேலைநாட்டுப் பண்டிகைக் காலத்தையொட்டி, உச்சமடைந்து ஜனவரியில் வீழ்வது இத்துறையில் யாவரும் அறிந்தது. அந்த வீழ்ச்சி நமக்குத் தைப்பொங்கலோடு சேர்ந்து வருகிறது.

எமது மாணவருடன் அமர்ந்து நாம் எழுதிய கணக்கைச் சற்று விரிவாகத் தருவோம். 2024 டிசம்பர் மாத உழைப்புக்கு அவர் பெற்றது 180,000 ரூபா. இதனைத் தம் இலாபம் என்றே அவர் நம்பியிருந்தார். இணைய இணைப்புக்கு 12,000. எரிபொருளும் பயணமும் 25,000. மின்சாரத்தில் தொழிலுக்குரிய பங்கு 5,000. உதவிக்கு வரும் பையனுக்கு 22,000. அடகு வட்டி 8,000. கமராவுக்கும் கணினிக்கும் 480,000 ரூபா செலவாகியிருந்தது. அவை நான்கு ஆண்டுகள் உழைக்குமெனக் கொண்டால் மாதத்துக்கு 10,000 ரூபா பெறுமானத் தேய்வு. இந்தக் கடைசி இனத்தை எழுதியபோது அவர் தடுத்தார். "அது எப்பவோ குடுத்து முடிஞ்ச காசெல்லே?" என்றார். நான்கு ஆண்டுகளின் பின் கமரா பழுதாகும் நாளில் மீண்டும் தமக்கையின் நகையைத் தேடாதிருப்பதற்காகவே இவ்வினம் என விளக்கினோம். ஆக மொத்தச் செலவு 82,000. எஞ்சியது 98,000.

இதுவும் இலாபமன்று. அவர் அம்மாதம் ஏறத்தாழ 200 மணித்தியாலமும், படம் தொகுக்கும் தமக்கையார் 120 மணித்தியாலமும் உழைத்திருந்தனர். 98,000 ஐ 320 ஆல் வகுத்தால் மணிக்கு 306 ரூபா. எட்டு மணித்தியால நாளுக்கு ஏறத்தாழ 2,450 ரூபா. அவர்களுடைய அயலில் வேலை செய்யும் மேசன் ஒருவரின் நாட்சம்பளத்துக்கு அது எட்டவில்லை. ஜனவரி மாத உழைப்புக்கு வந்ததோ 104,000. அதே செலவையும் அதே மணிநேரத்தையும் கொண்டு பார்த்தால் எஞ்சுவது 22,000, மணிக்கு 69 ரூபா. அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. தமக்கையின் 120 மணித்தியாலம் அதுவரை எந்தக் கணக்கிலும் இருந்ததில்லை. 'வீட்டு ஆள்' என்ற சொல்லுக்குள் அது மறைந்து கிடந்தது. குடும்ப உழைப்பைக் கூலியாக எழுதாத வரையில் அக்கூலி இலாபம் என்ற வேடம் பூண்டு நிற்கும். கணக்கைப் பிரித்து எழுதுவதன் முதன்மைப் பயன் சிக்கனமன்று, இந்த வேடத்தைக் களைவதே என நாம் கருதுகிறோம்.

இன்னுஞ் சில இனங்கள் உள. சம்பளத் தொழிலாளி ஒருவருக்கு 1958 ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் 12 வீதமும் அவர் 8 வீதமும் செலுத்துவர். 1980 ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் மேலும் 3 வீதம் செலுத்துவார். போராட்டங்களாற் பெற்ற இவ்வுரிமைகள் இணையவழிப் படைப்பாளருக்கு இல்லை. கலிபோர்னியாவில் உள்ள கம்பனி அவருடைய தொழில்தருநரல்ல என்பதே ஒப்பந்தத்தின் சாரம். எனவே அந்த 23 வீதத்தையும் அவரே தம்மிடமிருந்து பிடித்து வைக்க வேண்டியுள்ளது. முழுவதும் இயலாவிடினும் ஒரு பகுதியையேனும் தனியே ஒதுக்காதவர் முதுமையை உண்டு இன்று வாழ்கிறார்.

வரியைப் பொறுத்தவரை, வெளிநாட்டாருக்குச் சேவை வழங்கி வெளிநாட்டு நாணயத்தில் வங்கி மூலம் பெறும் வருவாய்க்கு இருந்த விலக்கு 2025 மார்ச்சுடன் முடிவுற்றது. 2025 ஏப்ரல் 1 முதல் அதன்மீது ஆகக்கூடியது 15 வீத வரி விதிக்கப்படுகிறது. அதே திகதி தொடக்கம் தனியாளுக்குரிய ஆண்டு நிவாரணம் 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. சிறிய படைப்பாளர் பலர் இவ்வெல்லைக்குள்ளேயே நிற்பர். எனினும் எல்லை தேறிய வருவாய்க்கே உரியது. செலவைக் காட்டப் பற்றுச்சீட்டு வேண்டும். வீட்டுச் செலவையும் தொழிற்செலவையும் ஒரே கணக்கில் வைத்திருப்பவர் எதைக் காட்டுவார்? வரிக்கு உட்படுவோர் அதனை ஆகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15 ஆம் திகதிகளில் நான்கு தவணைகளாகச் செலுத்த வேண்டும். ஆகவே ஒவ்வொரு வரவிலும் ஒரு பங்கை உடனே ஒதுக்கி வைப்பது நன்று. அமெரிக்காவும் தன் பங்குக்கு நிற்கிறது. அந்நாட்டுப் பார்வையாளரால் வந்த பகுதிக்கு 30 வீதம் வரை அங்கேயே பிடிக்கப்படும். இரு நாடுகளிடையே வரி உடன்படிக்கை இருப்பதால் உரிய படிவத்தை நிரப்பியவருக்கு அவ்வீதம் குறையும். 2021 முதல் அப்படிவத்தை நிரப்பாது விட்டவரோ உலகெங்கிலுமிருந்து வந்த மொத்த வருவாயிலும் 24 வீதம் வரை இழக்க நேரிடலாம். ஒரு படிவத்தின் சோம்பல் இவ்வளவு.

நாணயமாற்றின் மாயத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2022 மார்ச்சின் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. மே மாதமளவில் 360 ஐத் தொட்டது. நாடு மின்சாரமின்றி இருளில் கிடந்த அந்த நாட்களில் டொலரிற் சம்பாதித்தோர் தாம் உயர்ந்துவிட்டதாக எண்ணினர். சிலர் அந்த உயர்வை நம்பி நீண்டகாலக் கடன் எடுத்தனர். அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தது. பின்னர் 2024 இல் டொலர் 300 ரூபாவுக்குக் கீழிறங்கியபோது, உழைப்பிற் குறைவில்லாமலே அவர்களது ரூபா வருவாய் குறைந்தது. கடன் தவணை குறையவில்லை.

இனி, முன்னர் ஒத்திவைத்த அந்த வேறுவகைப் பணம். வடக்கிலும் கிழக்கிலும் ஒரு காணொளி வகை வேரூன்றியுள்ளது. வறிய குடும்பமொன்றின் குடிசைக்குச் சென்று, அவர்களின் துன்பத்தைப் பதிவு செய்து, புலம்பெயர்ந்தோரிடம் உதவி கோரும் வகை அது. உதவி வருகிறது, சில குடும்பங்களுக்கு உண்மையில் வீடும் கிணறும் கிடைத்துள்ளன. போருக்குப் பின் அரசு செய்யத் தவறியதைத் தனியார் ஈகை செய்ய முற்படும் இந்நிலையை நாம் இங்கு முழுமையாக ஆராயப் போவதில்லை. பணத்தின் பாதையை மட்டும் நோக்குவோம்.

எமது மாணவர் 2025 ஜனவரியில், கணவனை இழந்த ஒரு பெண்ணின் ஒழுகும் கூரையைப் படம்பிடித்து வெளியிட்டார். பெப்ரவரித் தொடக்கத்தில் கனடாவிலிருந்தும் நோர்வேயிலிருந்தும் 240,000 ரூபா வந்தது. எங்கே? அவரது அதே ஒரே கணக்குக்கு. அவ்வேளை அடகுக் கடையில் தவணை முடிந்து நகை ஏலத்துக்குப் போகவிருந்தது. மாதக் கடைசியில் யூரியூப் காசு வரும், வைத்துவிடலாம் என்று நம்பி 60,000 ரூபாவை எடுத்து நகையைக் காப்பாற்றினார். மாதக் கடைசியில் வந்தது ஜனவரியின் 104,000. அது செலவுகளுக்கே போதவில்லை. கூரைத் தகடு வாங்குவது பங்குனிக்குத் தள்ளியது, பின்னர் சித்திரைக்கு. இடையில் மழை பெய்தது. இறுதியில் கமராவின் வில்லையொன்றை விற்றுத் தொகையை நிரப்பி வேலையை முடித்தார். தகடு ஏறிய நாளன்று அப்பெண் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாராம். அவர் அதைப் படம்பிடிக்கவில்லை. எம்மிடம் வந்ததன் உண்மைக் காரணம் அந்தக் கும்பிடுதான் என்பதைப் பிற்பாடே அறிந்தோம்.

அவரைக் கள்வர் எனக் கூற எமக்கு மனமில்லை. ஆனால் களவும் இதே பாதையாலேதான் வருகிறது. பிறர் பிறருக்கெனத் தந்த பணம் வருவாயன்று, கடனுமன்று. அது நம்பிக்கைப் பொருள். தொழில், வீடு என்ற இரு முடிப்புகளோடு இது மூன்றாவது முடிப்பு. இதற்கு வேறான வங்கிக் கணக்கு வேண்டும். தனியொருவர் கையொப்பத்தால் இயங்காது, ஊர்ச் சங்கம் ஒன்றினதோ சனசமூக நிலையம் ஒன்றினதோ பொறுப்பாளர் இருவரேனும் சேர்ந்து ஒப்பமிடுவதாக இருத்தல் நன்று. வந்த தொகையும் சென்ற தொகையும் பற்றுச்சீட்டுடன் கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் ஒருங்கே தெரியவேண்டும். பெற்றவருக்கு என்பதை அழுத்திக் கூறுகிறோம். எவ்வளவு வந்தது என்பதை அக்குடும்பத்துக்கு மட்டும் சொல்லாமல் உலகுக்கெல்லாம் அறிவிக்கும் வழக்கத்தைப் பலமுறை கண்டுள்ளோம். நேரடியாக அக்குடும்பத்தின் கணக்குக்கே பணத்தை அனுப்பச் செய்யலாமெனின் அதுவே மிகச் சிறந்தது.

இதன் பின்னரும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. அக்காணொளியைப் பார்த்தோர் பலர். அதற்கு விளம்பர வருவாயும் வந்தது. 45 வீதம் கம்பனிக்கு, 55 வீதம் எமது மாணவருக்கு. அழுதவருக்கு? அப்பெண்ணின் முகமும் குரலும் கூரையும் இல்லாமல் அக்காணொளி இல்லை. உற்பத்தியிற் பங்கேற்ற ஒருவரின் பெயர் எந்த இனத்திலும் வராத பேரேடு எவ்வகைப் பேரேடு? இதனை எமது மாணவரிடம் கேட்டோம். அவர் இப்போது மூன்று கணக்குகள் வைத்திருக்கிறார். தமக்கையாருக்கு மாதச் சம்பளம் எழுதுகிறார். அக்காணொளியின் வருவாயில் தம் பங்கிற் பாதியை மாதந்தோறும் அப்பெண்ணுக்கு அனுப்பவும் செய்கிறார். ஆனால் பேரேட்டில் அதனை 'உதவி' என்ற தலைப்பின் கீழேயே எழுதியுள்ளார். 'கூலி' என்ற தலைப்புக்கு மாற்றுமாறு கூறினோம். அப்படி எழுதினால், நாளை அவ்விடயம் வெளியில் தெரியவந்தால், காசு வாங்கிக்கொண்டு அழுதவள் என்று பார்ப்போர் அவரை ஏசுவர், பின்னர் வேறு குடும்பங்களுக்கும் ஒருவரும் உதவார் என்பது அவருடைய வாதம். அவ்வச்சம் பொய்யல்ல என்பதை நாமும் அறிவோம். சென்ற முறை அவர் வந்தபோதும் அப்பக்கம் 'உதவி' என்றே இருந்தது. அவ்விடத்தில் எமக்குள் இன்னும் உடன்பாடில்லை.